மடலும் இணைப்பும்

கடிதம் என்பது எழுதிய தாள் மட்டுமன்று. லிங்கி ஆற்றை ஒட்டிய ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த நம் முன்னோர்க்குத் தமிழகத்திலிருந்து வந்த உறையைப் பிரித்தால், நலம் விசாரிக்கும் நாலு வரியோடு ஊர்க்கோயில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றும் இருக்கும். பெண்ணுக்கு வரன் தேடும் காலமாயின் மஞ்சள் தடவிய ஜாதகக் குறிப்பு இருக்கும். இங்கிருந்து செல்லும் உறையில் குழந்தையின் நிழற்படம் இருக்கும். எழுதத் தெரியாதவர்க்குத் தோட்டத்துக் கிராணியோ பள்ளிக்கூடத்து வாத்தியாரோ எழுதிக் கொடுப்பார். எழுத்து பிறருடையது, உள்ளே மடித்து வைத்த பொருளோ தம்முடையது. ஆதலின் பலர்க்கு மடலினும் இணைப்பே பெரிதாக இருந்தது.

இன்று தாள் மடலின் இடத்தை மின்னஞ்சல் பிடித்துக்கொண்டது. படமோ, பாட்டோ, கணக்கேடோ எதையும் அதனோடு இணைத்து அனுப்புகிறோம். ஆனால், தொடக்கத்தில் அந்த உறையினுள் எழுத்தைத் தவிர வேறெதுவும் வைக்க இயலாது; அவ்வெழுத்தும் ஆங்கில எழுத்தாகவே இருத்தல் வேண்டும். தமிழ் மடலாக அன்றி, திருநீற்றுப் பொட்டலம்போல இணைப்பாகவே நெடுங்காலம் பயணம் செய்தது. இணைப்பு என்பது எவ்வாறு தோன்றியது, இணைப்பாக வந்த தமிழ் எவ்வாறு மடலாயிற்று, அந்த வரலாறு நமக்கு விட்டுச் சென்ற கடமை யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

ஏழு பிட்டுகளின் வழி

ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே மடல் அனுப்பும் முறையை 1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் செய்து காட்டினார். பெயரையும் கணினியையும் பிரிக்கும் சுழிக்குறியை முகவரியில் இட்டவரும் அவரே. 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதற்கான இரண்டு விதிநூல்கள் வெளியாயின. மடலை எவ்வாறு கடத்துவது என்பதை ஜான் போஸ்டல் எழுதினார். மடலின் அமைப்பு எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதை டேவிட் கிராக்கர் எழுதினார்.

இரண்டும் ஆஸ்கி என்னும் குறியீட்டையே அடிப்படையாகக் கொண்டன. 1963-இல் வகுக்கப்பட்ட அக்குறியீடு ஒவ்வோர் எழுத்துக்கும் 7 பிட்டுகளை ஒதுக்குகிறது. அதில் அமையும் இடங்கள் 128. அவற்றுள் அச்சிடத் தக்கவை 95. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றுக்கு இவை போதும். பிரெஞ்சு மொழியின் ஒலிக்குறிகளுக்கே இடமில்லாத அவ்வீட்டில் நம் மொழிக்கு இடம் ஏது?

மொழியைப் பற்றிய குறை மட்டுமன்று இது. கணினியிலுள்ள கோப்புகள் 8 பிட்டுகள் கொண்ட பைட்டுகளால் ஆனவை. படமும் ஒலியும் நிரலும் அந்த எட்டையும் பயன்படுத்துகின்றன. ஏழுக்கென அமைந்த வழியில் எட்டாவது பிட்டைச் சில கணினிகள் களைந்துவிடும். ஒரு பிட்டு போயின் படம் சிதையும், நிரல் இயங்காது.

லிங்கி வட்டாரத்தின் பழைய வரலாற்றை அறிந்தவர்க்கு இந்நிலைமை எளிதில் விளங்கும். 19-ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கில் எடுத்த வெள்ளீயம் லிங்கி ஆற்றின் வழியே படகுகளில் கடலை அடைந்தது. கரைகளை ஆண்ட தலைவர்கள் பல இடங்களில் படகை மறித்துச் சுங்கம் வாங்கினர். 1874-இல் சுங்கை ஊஜோங்கின் டத்தோ கிளானா பிரித்தானிய ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்குடன் செய்த உடன்பாட்டுக்கு அவ்வாற்று வழியைத் தடையின்றி வைத்திருப்பதும் ஒரு காரணம். மின்மடலின் பாதையும் அத்தகையதே. மடல் நேரே சென்று சேர்வதில்லை. கணினி கணினியாக இறங்கி ஏறும். ஒன்று எட்டாவது பிட்டை எடுத்துக்கொள்ளும். ஒன்று வரியின் கடைசியிலுள்ள வெற்றிடத்தை நீக்கும். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணினிகள் எப்சிடிக் என்னும் வேறு குறியீட்டைக் கையாண்டமையால், அவற்றைக் கடக்கும்போது சில குறிகளே மாறிவிடும். புறப்பட்டதும் சேர்ந்ததும் ஒன்றாக இருப்பது அரிதாயிற்று.

வேடம் மாற்றிய சரக்கு

ஆற்றுத் தொல்லைக்கு மாற்றாகச் சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே 1891-இல் இருப்புப்பாதை வந்தது. அஞ்சல் வழியில் அவ்வாறு புதுப்பாதை இடுதல் எளிதன்று. உலகெங்கும் பரவிய கணினிகள் அத்தனையையும் ஒரே நாளில் மாற்றுவது எங்ஙனம்? எனவே பாதையை விட்டுவிட்டுச் சரக்கின் வேடத்தை மாற்றினர்.

1980-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதிய யூயூஎன்கோடு என்னும் நிரல் இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் சூத்திரம் எளியது. 3 பைட்டுகளில் 24 பிட்டுகள் உள்ளன. அவற்றை ஆறாறாகப் பிரித்தால் 4 துண்டுகள் கிடைக்கும். ஆறு பிட்டுகளால் குறிக்கத் தக்கவை 64 வகையே. அவற்றுக்கு அச்சிடத் தக்க 64 குறிகளை ஒதுக்கிவிட்டால் எந்தக் கோப்பும் வெறும் எழுத்துக் குவியலாகிவிடும். மடல் வழியில் அது எழுத்தாகவே கடந்து செல்லும். மறுமுனையில் பழைய உருவம் பெறும். மூன்று நான்காவதால் சுமை மூன்றில் ஒரு பங்கு கூடும். 45 கிலோபைட்டுக் கோப்பு ஏறக்குறைய 60 கிலோபைட்டாகும்.

இவ்வேடத்திலும் குறைகள் இருந்தன. எழுத்துக் குவியலை மடலிலிருந்து பெறுவோரே பிரித்தெடுத்து மீட்டாக வேண்டும். பெரிய கோப்பைப் பல மடல்களாகத் துண்டாடி அனுப்புவர். ஒரு துண்டு தவறினாலும் மற்றவை பயன்படா. அது தேர்ந்துகொண்ட குறிகளுள் சில எப்சிடிக் வழியில் சிதைந்தன. இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. முதல் வரியில் கோப்பின் பெயர் இருக்கும். உள்ளே இருப்பது படமா, பாட்டா, எழுத்தாயின் எம்மொழி எழுத்து என்பதைச் சொல்லும் சீட்டு இராது. விலாசம் இருந்தும் உள்ளிருப்பது இன்னதென்று எழுதாத பார்சலை ஒத்தது அது.

மலாயா மண்ணில் மின்மடல் தோன்றியதும் இக்காலத்தேதான். 1985-இல் அமைந்த மைமோஸ் என்னும் மின்னணு ஆய்வு நிலையம் 1980-களின் பிற்பகுதியில் ரங்க்கோம் என்னும் வலையமைப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே நடத்தியது. 1990-களின் தொடக்கத்தில் ஜாரிங் வந்தது. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிலையங்களிலும் இருந்தவர்க்கே அவை முதலில் எட்டின. தோட்டத்து லயங்களில் அன்று கணினி ஏது?

சீட்டு ஒட்டும் முறை

1992-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் நதானியேல் போரன்ஸ்டைன் ஒரு மடல் அனுப்பினார். பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர் நால்வர் பாட்டுக்குழு ஒன்றில் பாடுபவர். அக்குழுவின் படமும் பாட்டும் அம்மடலோடு சென்றன. நெட் ஃபிரீடு என்பாருடன் சேர்ந்து அவர் வகுத்த மைம் என்னும் முறை அவ்வாண்டு ஜூனில் விதிநூலாக வெளிவந்தது. 1996 நவம்பரில் ஐந்து பகுதிகளாகத் திருத்தம் பெற்றது. இன்றளவும் உலகின் மின்மடல்கள் இம்முறையிலேயே செல்கின்றன.

மைம் செய்த மாற்றம் யாது? மடலைப் பல பகுதிகளாகப் பிரித்து, இடையே எல்லைக்கோடு இட்டு, ஒவ்வொரு பகுதியின் தலையிலும் சீட்டு ஒட்டியது. அச்சீட்டு முதலாவதாகப் பொருளின் வகையைச் சொல்லும். எழுத்தாயின் எந்தக் குறியீட்டிலான எழுத்து என்பதையும் உடன் சொல்லும். இரண்டாவதாக, வழிக்கென அப்பொருள் அணிந்துள்ள வேடத்தைச் சொல்லும். வேடங்களுள் தலையாயது பேஸ் 64 எனப்படுவது. யூயூஎன்கோடின் அதே கணக்குத்தான். ஆயினும் எந்த வழியிலும் சிதையாத குறிகளை ஆய்ந்து தேர்ந்தனர். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண் 10, கூட்டல் குறி, சாய்கோடு ஆக 64.

ஒரு பகுதியை மடலோடு சேர்த்துக் காட்டுவதா, தனியே எடுத்து வைக்கத் தக்க இணைப்பாகக் கொள்வதா என்பதைக் குறிக்கும் சீட்டு 1995-இல் வந்தது. இஃது ஆழ்ந்து நோக்கத்தக்கது. மைம் முறையில் எல்லாம் பகுதிகளே. மடல் உயர்ந்தது, இணைப்பு தாழ்ந்தது என்னும் வேற்றுமை இயல்பாக இல்லை. சீட்டே அவ்வேற்றுமையைச் செய்கிறது.

எழுத்துத் திரையில் இணைப்பு

இவ்வுண்மையைக் கண்ணாரக் காண விரும்புவோர் எழுத்துத் திரையில் இயங்கும் மடல் நிரல்களைப் பார்த்தல் வேண்டும். படமோ பொத்தானோ இல்லாமல், வரி வரியாக எழுத்தை மட்டும் காட்டுவன அவை. 1986-இல் டேவ் டெய்லர் எழுதிய எல்ம், 1989-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பைன், 1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதிய மட் ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை.

பைன் நிரலில் மடல் எழுதத் தொடங்கியதும் பெறுநர், பொருள் ஆகிய வரிகளோடு இணைப்புக்கென ஒரு வரியும் இருக்கும். கண்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்திக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் இணைப்புச் சேரும். மட் நிரலில் மடலை எழுதி முடித்தபின் ஒரு பட்டியல் தோன்றும். ஏ விசையை அழுத்திக் கோப்பைச் சேர்க்கலாம். அப்பட்டியலே நம் கருத்துக்கு உரியது. அதில் முதலாவது வரி நாம் எழுதிய மடல். இரண்டாவது வரி நாம் சேர்த்த கோப்பு. இரண்டுக்கும் எதிரே வகை, வேடம், எழுத்துக் குறியீடு, அளவு ஆகியன ஒரே முறையில் எழுதப்பட்டிருக்கும். சீட்டில் பிழையிருப்பின் அனுப்புமுன் அங்கேயே திருத்தலாம். அழகிய திரைகள் ஒரு காகிதக் கவ்வியின் படத்தைக் காட்டி மறைத்துவிடும் செய்தியை எழுத்துத் திரை மறைப்பதில்லை.

பெறுமுனையிலும் இதுவே முறை. எழுத்துத் திரை தானே படத்தைக் காட்ட இயலாது. எந்த வகைப் பொருளை எந்த நிரல் திறக்க வேண்டும் என்று எழுதிவைத்த குறிப்பேடு ஒன்று உண்டு. மெயில்கேப் என்பது அதன் பெயர். சீட்டைப் படித்து, ஏட்டைப் பார்த்து, உரிய நிரலிடம் பொருள் ஒப்படைக்கப்படும். சீட்டு பொய்யாயின் எல்லாம் பொய்யாகும்.

இணைப்பாக வந்த தமிழ்

இனித் தமிழின் கதைக்கு வருவோம். ஏழு பிட்டு வழியில் தமிழர் முதலில் கையாண்டது ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் முறை. லகர ளகர ழகர வேறுபாடுகளைப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக மாற்றிக் காட்டினர். பின்னர், ஆங்கில எழுத்தின் இருப்பிடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் வந்தன. மலேசியரான முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கிய முரசு என்னும் மென்பொருள், முரசு அஞ்சல் எனப் பெயர் பெற்றது. மடலே அதன் நோக்கம் என்பதைப் பெயரே காட்டும். மலேசியாவிலிருந்து சிட்னியில் குடியேறிய பாலா பிள்ளை 1990-களின் நடுவில் தொடங்கிய தமிழ்.நெட், உலகத் தமிழர் மடல் எழுதிப் பழகும் களமாயிற்று.

இம்முயற்சிகளுக்குப் பொதுவான இடர் ஒன்றிருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பப்படி எழுத்துகளை அடுக்கி வைத்தது. ஒன்றில் ககரம் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் வேறெழுத்து இருக்கும். பெறுவோரிடமும் அதே எழுத்துரு இருத்தல் வேண்டும். இல்லையேல் அதையும் ஒரு கோப்பாக அனுப்பியாக வேண்டும். மைமின் சீட்டில் எழுதவோ இக்குறியீடுகளுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட பெயர் இல்லை. பயனர் தாமே வகுத்தது என்னும் பொருள்படும் பொதுப்பெயரை இட்டு அனுப்பினோர் பலர். இன்ன மொழி என்று சொல்லாது, ஏதோ ஒரு மொழி என்று எழுதுவதை ஒக்கும் அது. மடலின் உடலில் தமிழை இட்டால் வழியில் சிதையும் என்று அஞ்சியோர் அதைக் கோப்பில் எழுதி இணைத்தனர். உடலில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருக்கும். நாம் தொடக்கத்தில் கண்ட உறை திரும்பவும் வந்துவிட்டது. எழுத்து பிறருடையது, பொட்டலமே நம்முடையது.

குறையை உணர்ந்தோர் வாளா இருக்கவில்லை. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி முன்னின்று உழைத்ததன் பயனாக 1997 மே மாதத்தில் அங்குத் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் வழி டாம், டாப் என்னும் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. இதற்கிடையே பல நாட்டுத் தன்னார்வலர் மடல்வழியே விவாதித்து டிஸ்கி என்னும் குறியீட்டை வகுத்தனர். தமிழ் மடலுக்கான விதியை மடலிலேயே வாதிட்டு முடித்தனர் என்பது நினைக்கத்தக்கது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதித் தர உலகெங்குமிருந்த அன்பர்களைத் திரட்டியது. உலகப் பதிவேட்டில் டிஸ்கிக்குச் சீட்டுப்பெயர் கிடைத்தது 2007-இல். அதற்குள் யூனிகோடு வென்றுவிட்டது.

யூனிகோடு 1991-இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதியை ஒதுக்கியது. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப். 8 முறையில் அத்தொகுதியின் ஒவ்வோர் இடமும் 3 பைட்டுகளாகும். மூன்று பைட்டு பேஸ் 64-இல் நான்கு குறியாகும் என்று கண்டோம் அன்றோ? ஆகவே தமிழின் ஒவ்வொரு குறியீடும் பிசிறின்றி நான்கு குறிகளாக மாறுகிறது. அகரம் வழியில் செல்லும்போது அணியும் வேடம் 4, கே, 6, எஃப் என்பது. தமிழ்த் தொகுதி முழுவதற்கும் முதல் இரு பைட்டுகள் ஏறக்குறைய ஒன்றே ஆதலின், தமிழ் எழுத்தில் தொடங்கி இவ்வேடத்தில் செல்லும் எந்த மடலும் 4, கே என்றே தொடங்கும். எழுத்துத் திரையில் ஒரு மடலின் மூலத்தைத் திறந்து, பொருள் வரியின் குறியாக்கத்தில் அவ்விரு குறிகளைக் காண்போர், பிரிக்குமுன்னரே உள்ளே தமிழ் இருக்கக்கூடும் என்று உய்த்துணரலாம்.

ஆக, வழி மாறவில்லை, வேடமும் மாறவில்லை. சீட்டில் எழுத ஒரு பெயர் கிடைத்தது. அவ்வளவில் இணைப்பாக இருந்த தமிழ் மடலாயிற்று.

சீட்டிழந்த மடல்கள்

ஆயினும் பழைய மடல்களின் நிலை யாது? 1990-களிலும் 2000-களிலும் தமிழர் எழுதிய மடல்களும் இணைத்த கோப்புகளும் முரசு அஞ்சல், டிஸ்கி, டாம், டாப் எனப் பல குறியீடுகளில் உள்ளன. இன்று அவற்றைத் திறப்போர் காண்பது பொருளற்ற குறிகளின் கூட்டம். கோப்பு அழியவில்லை, ஒரு பைட்டும் குறையவில்லை. சீட்டு மட்டுமே இல்லை. குறியீடு இன்னதென்று தெரிந்தால் மாற்றுநிரல் நொடியில் யூனிகோடாக்கும். தெரியாவிடில் ஊகித்து ஊகித்துப் பார்க்க வேண்டும்.

இது நம் வட்டாரத்துக்குப் பெருங்கேடு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நிலம் மாறியும், மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டத்துக் கோயிலின் திருவிழாக் கணக்கு, தமிழ்ப்பள்ளியின் மாணவர் பட்டியல், முதியவர் சொல்லக் கேட்டு எழுதிய குடும்ப வரலாறு ஆகியவற்றை யாரேனும் ஒருவர் அக்காலக் கணினியில் தட்டெழுதி உறவினர்க்கு இணைத்து அனுப்பியிருந்தால், தாள் அழிந்தபின் எஞ்சுவது அந்தக் கோப்பே. அதைக் குப்பை என்று எண்ணி அழித்தல் ஆகாது.

செய்ய வேண்டியவை மூன்று. கோப்பை மட்டும் பிரித்து வைக்காமல், அனுப்பிய நாளும் ஆளும் சீட்டும் அடங்கிய முழு மடலையும் மூல வடிவில் காத்தல் வேண்டும். எந்த எழுத்துருவில் எழுதியது என்பது நினைவிருப்பவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். யூனிகோடாக மாற்றிய படியோடு மூலத்தையும் விடாது வைத்தல் வேண்டும். மாற்றத்தில் பிழை நேர்ந்திருந்தால் மூலமே திருத்தும்.

லிங்கி ஆற்றை அடுத்த பெங்காலான் கெம்பாசில் அகமது மஜ்னுன் பெயரால் வழங்கும் கல்வெட்டுத் தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அத்தூணில் இரண்டு வகை எழுத்துகள் உள்ளன. ஒன்று அரபு வரிவடிவம். மற்றொன்று தென்னாட்டுப் பல்லவ எழுத்தின் வழித்தோன்றலான காவி எழுத்து. ஐந்நூறு ஆண்டு கடந்தும் அறிஞர்கள் அதைப் படிக்கின்றனர். கல்லின் உறுதி மட்டும் அதற்குக் காரணமன்று. இன்ன பக்கம் இன்ன எழுத்து என்னும் அறிவு மறையாமல் கைமாறி வந்ததே காரணம். அவ்வறிவு அற்றிருப்பின் அது கீறல் விழுந்த கல்லாக மட்டுமே நின்றிருக்கும்.

நம் பாட்டனார் காலத்து உறையில் திருநீற்றுப் பொட்டலத்தின்மேல் ஊர்க்கோயிலின் பெயரைப் பென்சிலால் எழுதியிருப்பார்கள். பெயர் இருந்தமையால் அதை நெற்றியில் இட்டுக்கொண்டனர். பெயரில்லையேல் அது வெறுஞ் சாம்பல். நாம் அனுப்பும் ஒவ்வோர் இணைப்புக்கும் இஃது பொருந்தும்.